எழுதி முடித்தால்தான் வெளியே: டோக்கியோவின் கோயென்ஜி கஃபே

டோக்கியோவின் கோயென்ஜியில் 2022 ஏப்ரலில் தொடங்கிய இந்தக் கஃபேயில் பத்தே இருக்கைகள். கெடு நெருங்கிய எழுத்துவேலை கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இடம். உள்ளே வந்ததும் என்ன எழுதப்போகிறீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்குள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை முடிக்காமல் கிளம்பக் கூடாது என்பது விதி. தொடக்கத்தில் முதல் அரை மணிக்கு 130 யென், பிறகு மணிக்கு 300 யென் வாங்கினார்கள். காபி, தேநீர் எத்தனை கோப்பை வேண்டுமானாலும் நாமே எடுத்துக்கொள்ளலாம்.

கண்காணிப்பு மூன்று வகை. மிதமானதில் கிளம்பும்போது மட்டும் முடித்தீர்களா என்று கேட்பார்கள். நடுத்தரத்தில் மணிக்கொரு முறை. கடுமையானதில் அடிக்கடி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

ஜப்பானுக்கு இது புதிதல்ல. கெடு தவறும் எழுத்தாளரைப் பதிப்பாளர்கள் ஹோட்டல் அறையில் உட்கார வைத்து எழுதி வாங்குவதற்குக் 'கன்ஸுமே' என்று பெயர். டப்பாவில் அடைத்த உணவைக் குறிக்கும் சொல். 1954இல் திறந்து 2024 பிப்ரவரியில் மூடிய டோக்கியோவின் ஹில்டாப் ஹோட்டல் இதற்குப் பேர்போனது.

ஆனால் வேலை நடப்பது பூட்டினால் அல்ல, கேட்க வரும் ஆளால்தான். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியைப் பாருங்கள். 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுத்துகளைப் பணம் தராமலே பதிப்பாளர் வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். அந்தப் பயம்கூட ஓராண்டுக்கும் மேலாக அவரை அந்த நாவலுக்கு உட்கார வைக்கவில்லை. அக்டோபரில் சுருக்கெழுத்தாளர் அன்னா தினமும் வரத் தொடங்கினார். தஸ்தயெவ்ஸ்கி சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, வீட்டில் படியெடுத்து மறுநாள் கொண்டுவந்தார். 26 நாட்களில் 'சூதாடி' முடிந்தது. நேற்றைய பக்கங்கள் கண்முன் இருந்தன, இன்றைக்கு ஒருவர் காத்திருந்தார்.

ஆகவே மிதமான வகைக்குப் பணம் கொடுப்பது வீண். தள்ளிப்போடுபவருக்கு கடைசியில் வரும் கேள்வி தாமதமான கேள்வி. நடுத்தரமே சரி. இலக்கை எண்ணக்கூடியதாக எழுதுங்கள்: 'நாவலில் கொஞ்சம்' என்று எழுதினால் சரிபார்க்க வழியில்லை, '800 சொற்கள்' என்றால் உண்டு. வழக்கமாக ஒரு மணியில் வருவதைவிட அதிகம் போடாதீர்கள். முதல் மணியிலேயே பின்தங்கினால் மீதி நேரம் பதற்றத்தில் போகும். இணைய வசதி உள்ள இடம், தேடப்போனால் கவனம் சிதறும் என்பதால், தகவல் தேடலை முந்தின நாளே முடித்துக் குறிப்புகளோடு போவது நல்லது.