ஒரே பின்னலா, ஒரே நேரத்தில் நாலைந்தா?

சேர்ந்துகிடக்கும் கம்பளி நூலைத் தீர்க்க, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது நல்ல வழிதான், நூலை இழுத்துப் பின்னும் கை இறுக்கம் அவ்வளவாக மாறாது, எந்த வரிசையில் விட்டோம் என்று தேடவும் வேண்டாம். ஆனால் ஸ்வெட்டரின் முதுகுப் பக்கத்தில் சலிப்பு தட்டினால் எல்லாமே நின்றுவிடும்.

நாலைந்தை ஓட்டினால் டிவி முன்னால் மஃப்ளர், தலை தெளிவாக இருக்கும்போது டிசைன் பின்னல் என்று மாற்றிக்கொள்ளலாம். வம்பு எங்கே என்றால், 4 மி.மீ. ஊசியை உருவி வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஞாபகமில்லாமல் 3.5-இல் தொடர்ந்தால் அகலம் சுருங்கிவிடும். ஊசி அளவைச் சீட்டில் எழுதி அந்தந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள்.

என் ஓட்டு இரண்டே இரண்டுக்குத்தான்: ஒரு பெரியது, மிச்சம்மீதி நூலில் கோடுபோட்ட ஒரு சின்னது. அந்தச் சின்னது சாக்ஸ் என்றால், ஆரம்பிக்கும் முன்பே நூலை எடைபோட்டுச் சரிபாதியாகப் பிரித்துவிடுங்கள்.