எட்டு வருஷம், எட்டு ரினியூவல்: கார் இன்சூரன்ஸில் நான் கவனிக்காமல் விட்டது

2017 ஆகஸ்ட்டில் வாங்கிய 1200 சிசி பெட்ரோல் கார், வீடு சென்னை வேளச்சேரி. இதுவரை எட்டு முறை ரினியூவல் செய்தாயிற்று. அதில் முதல் ஆறு முறை நான் பார்த்தது கட்ட வேண்டிய தொகையை மட்டும்தான். போன வருஷத்தைவிடக் குறைவா, சரி, கட்டியாச்சு.

2022-இல் காருக்கு ஐந்து வயது முடிந்தது. அந்த வருஷம் பிரீமியம் நன்றாகவே இறங்கியிருந்தது, கிளைம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டது, அதனால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உண்மையில் அதுவரை இருந்த பம்பர் டு பம்பரும் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் கவர்) இன்ஜின் ப்ரொடெக்டும் (தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் தரும் கூடுதல் கவர்) பாலிசியிலிருந்து கழன்றிருந்தன. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் இவற்றைத் தருவதில்லை, சில தருகின்றன. எனக்கு வந்த ரினியூவல் லிங்க்கில் எதுவும் நீக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. முந்தைய வருஷப் பேப்பரில் இருந்த இரண்டு வரி புதியதில் இல்லை, அவ்வளவுதான். அதை 2023-லும் கவனிக்காமல் அப்படியே கட்டினேன்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பானெட் வரை தண்ணீர். வடிந்த பிறகு, ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பினேன், டொக்கென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், டோ பண்ணித்தான் எடுத்துப்போக வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட்தான் வளையும். ஒர்க்‌ஷாப்பில் அந்த ராடைக் கழற்றி டேபிள்மேல் வைத்துக் காட்டினார்கள், ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது.

சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் பொறுமையாகவே சொன்னார்: "சார், வெள்ளத்துல மூழ்கினது கவர் ஆகும். சீட், கார்ப்பெட், ஒயரிங் எல்லாம் போட்டுடலாம். தண்ணி புகுந்து இன்ஜின் கெட்டதுக்கு இன்ஜின் ப்ரொடெக்ட் வேணும், உங்க பாலிசில இல்லையே." பம்பர் டு பம்பரும் இல்லாததால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றிலும் தேய்மானம் என்று பாதியைக் கழித்தார்கள். இன்ஜினுக்கு மட்டும் என் கையிலிருந்து போனது 72 ஆயிரம். கிளைம் போட்டதால் 50 சதவீதமாக இருந்த போனஸும் அடுத்த ரினியூவலில் பூஜ்யம், 2025-இல்தான் மறுபடி 20-க்கு வந்திருக்கிறது.

இப்போது ரினியூவல் மெசேஜ் வந்தால் போன வருஷ பாலிசியையும் புதிய கொட்டேஷனையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்க்கிறேன். அரைமணி நேரம்கூட ஆவதில்லை.

முதலில் பார்ப்பது ஐடிவி, அதாவது வண்டி திருடுபோனாலோ முழுசாகப் போய்விட்டாலோ கணக்குக்கு எடுக்கும் மதிப்பு. ஐந்து வருஷம் வரை இதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு, நான்கிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் இருக்கும் வண்டிக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். அதற்குமேல் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை அடிமட்டத்தில் வைத்து அனுப்புவது உண்டு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுசாகப் போய்விட்டது என்று முடித்துவிடுவார்கள், ஐடிவி குறையக் குறைய அந்தக் கோடும் கீழே இறங்கும். ஓடக்கூடிய வண்டியையே கைவிட வேண்டி வரலாம், இது பலருக்கும் தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேர்ட் பார்ட்டியில், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில், கம்பெனிக்குக் கம்பெனி பேரம் பார்க்க ஒன்றுமில்லை, அது அரசு வைத்த ரேட், என் வண்டி ரகத்துக்கு 2022 ஜூனில் நிர்ணயித்தது ரூ.3,416. நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியை மட்டும் ஒப்பிட்டால் போதும். வாலண்டரி டிடக்டிபிள் (கிளைமில் நாமே ஏற்றுக்கொள்வதாக ஒத்துக்கொள்ளும் தொகை) என்று ஏதாவது டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், என் வண்டி ரகத்துக்குக் கட்டாயமாகக் கழிக்கும் 1,000 ரூபாய்க்கு மேல் அதுவும் உங்கள் தலையில்தான். 2018 செப்டம்பருக்குப் பிறகு புது கார் வாங்கியவர்களுக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று வருஷம் இருக்கும், ஓன் டேமேஜ் ஒரே வருஷத்தில் முடிந்திருக்கலாம். இரண்டு தேதியையும் பார்க்க வேண்டும். முடிந்தும் ரினியூ செய்யாமல் 90 நாள் தாண்டினால் போனஸ் மொத்தமும் போய்விடும்.

2024-இல் கம்பெனி மாறினேன். காரைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், இன்ஜின் ப்ரொடெக்ட் கிடைத்தது. அந்த அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று, கவர் இருக்கிறது என்பதற்காக வண்டியைத் தண்ணீரில் விட மனசு வரவில்லை.

2025 ஆகஸ்ட்டில் வந்த கொட்டேஷனில் ஐடிவி 2.40 லட்சம். ஏஜென்ட் அண்ணனைக் கூப்பிட்டு 2.85-க்கு ஏற்றச் சொன்னேன். "பிரீமியம் ஏறுமே தம்பி" என்றார். ஏறியது அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இன்ஜின் ப்ரொடெக்ட் வரி இருக்கிறதா என்று கேட்டு, புது பிடிஎஃப்பில் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் அனுப்பினேன்.