கேஎல்-லண்டன் 12 மணி நேரமாம்! தூரம் காட்டுற ஆப்புக்கு 5க்கு 3 ஸ்டார்

ரெண்டு மாசமா போன்ல வச்சிருக்கேன். பேரு வேணாம், இதே மாதிரி பத்து ஆப் இருக்கு, ரெண்டு ஊரு பேர தட்டுனா எத்தன கிலோமீட்டர், பிளைட்ல எவ்ளோ நேரம்னு சொல்லும், அவ்ளோதான்.

தூரத்துல கொற இல்ல. கேஎல்ஐஏல, அதான் நம்ம கோலாலம்பூர் ஏர்போர்ட்டுல இருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு சுமார் 10,600 கிலோமீட்டர், அதாவது உலக உருண்டை மேல நூல இழுத்துப் புடிச்சா வர்ற கணக்கு. கோளாறு நேரத்துலதான். அந்த தூரத்த மணிக்கு 900ன்னு வகுத்து 12 மணி நேரம்னு போட்டுருச்சு. நமக்கு பிளைட் ராத்திரி 11:30, லண்டன்ல கோடையில நம்மள விட 7 மணி நேரம் பின்னாடி, அப்போ விடியகாலை 4:30க்கு எறங்கிருவோம்னு பெரிய மேதாவி மாதிரி மச்சானுக்கு மெசேஜ் போட்டுட்டேன். டிக்கெட்ல பாத்திருக்கலாம், அது வீட்டுக்காரம்மா போன்ல இருந்துச்சு, யாரு கேக்குறது.

எறங்குனப்போ மணி 6:20, பாஸ்போர்ட் வரிசை, பேக் எல்லாம் முடிச்சு வெளிய வந்தா மச்சான் ஆறிப்போன காப்பி கப்போட நிக்கிறான். "ஏன் மாமா, நடுவுல எங்கயாச்சும் தே தாரிக் குடிக்க நிறுத்துனாங்களா?"

மேற்க போறப்போ எதிர்காத்து, சீட்டு முன்னாடி இருக்குற ஸ்கிரீன்ல வேகம் 830, 840ன்னு நொண்டிகிட்டே இருந்துச்சு. அது பத்தாதுன்னு 2022 பிப்ரவரில இருந்து உக்ரேன் வான்வெளிய மூடிட்டாங்க, பிளைட் நூல் புடிச்ச மாதிரி போக முடியாது, சுத்திதான் போவணும். திரும்பி வர்றப்போ காத்து பின்னாடி இருந்து தள்ளுது, வேகம் 1,000த்த தாண்டுச்சு, 13 மணி நேரத்துல வந்துட்டோம். ஆப்ப கேட்டா போறதுக்கும் 12, வர்றதுக்கும் 12!

கிட்ட இருக்குற ஊர கேட்டா இன்னும் கூத்து. கேஎல்-பினாங்கு 20 நிமிஷமாம். கேஎல் சென்ட்ரல்ல இருந்து ஏர்போர்ட்டு போற எக்ஸ்பிரஸ் ரயிலுக்கே 28 நிமிஷம் ஆவுது லா.

ஆனா நேர வித்தியாசம் காட்டுற பக்கம் உண்மையிலயே நல்லா இருக்கு, அதுக்குதான் 3 ஸ்டார். லண்டன்ல குளிர்காலம் வந்தா 7 மணி தானா 8 ஆயிருது, சென்னைக்கு அந்த ரெண்டரை மணிக் கணக்கயும் கரெக்டா காட்டுது. அப்பாகிட்ட காட்டுனேன், அரை மணிக் கணக்கு நம்ம ஊர்லயும் இருந்துச்சுடா, 1982 ஜனவரி 1லதான் கடிகாரத்த அரை மணி முன்னாடி தள்ளுனாங்கன்னு ஆரம்பிச்சவரு, அன்னைக்கு ராத்திரி சாப்பாடு வரைக்கும் நிறுத்தல.

விளம்பரம் அதிகம், மூணு தடவ தட்டுனா ஒன்னு வருது. மச்சான் அடுத்த மாசம் இங்க வர்றான், டிக்கெட்ட படம் புடிச்சு அனுப்பிட்டான்.