பூங்காவில் இருக்கும் இலவச ஜிம்: எதில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்

மாநகராட்சிப் பூங்காக்களில் மஞ்சளும் நீலமுமாக இரும்புக் கருவிகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்களே, அந்தத் திறந்தவெளி ஜிம்மைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. பணம் கட்டிப் போகும் ஏசி ஜிம்முக்கு ஆளாளுக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். இது சும்மா கிடைப்பதால் நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை. எனக்கு ஐம்பது வயது. நாற்காலியை விட்டு எழ முடியாத ஆபீஸ் வேலை, படியேறினால் முணுமுணுக்கும் முழங்கால், அம்மா வழியில் வந்த சர்க்கரை. எங்கள் பகுதிப் பூங்காவில்தான் என் காலை நேரம் போகிறது.

‘நடந்தால் போதும்’ என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்வது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நடையோடு நிற்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குத் தனியாக வேலை கொடுக்கவும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாற்பதுக்கு மேல் தசை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. அதனால் ஒவ்வொரு கருவியிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பத்துப் பதினைந்து முறை செய்தால் தசை களைக்கிறதா, இல்லையா?

இந்தக் கணக்கில் முதலில் தோற்பது கூட்டம் அதிகம் நிற்கும் கருவி. இரண்டு பலகையில் கால் வைத்துக் காற்றில் முன்னும் பின்னும் வீசுவோமே, அதுதான். எதிர்ப்பே கிடையாது; ஊஞ்சல் மாதிரி தன் போக்கில் ஆடுகிறது. இடுப்பு மூட்டு இளகும், பக்கத்தில் இருப்பவரோடு பேச வசதி, அவ்வளவுதான். காலை வேளையில் பாதி ஊர்க்கதை இதன் மேல்தான் நடக்கிறது.

அடுத்தது, வட்டத் தட்டில் நின்று இடுப்பைத் திருகும் கருவி. தொப்பை கரையும் என்று நம்பி வரிசையில் நிற்கிறார்கள். ஓரிடத்தை அசைத்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) விலகல் உள்ளவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் இந்தத் திருகலைத் தவிர்ப்பதே நல்லது. கைப்பிடி வைத்த சைக்கிளும், கையும் காலும் மாறி மாறி அசையும் கிராஸ் டிரெய்னரும் உடம்பைச் சூடாக்க ஐந்து நிமிடம் ஓட்டலாம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறுங்கள்.

இப்போது நல்லதுக்கு வருகிறேன். இந்த ஜிம்மில் உருப்படியானது, உட்கார்ந்து காலால் கம்பத்தை உந்தும் கருவிதான். உந்தினால் நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கையே பின்னால் மேலெழும்புகிறது. அதாவது தூக்குவது நம் எடையில் ஒரு பங்கை. முழங்கால் வலிக்காரர்களுக்குத் தொடையின் முன்தசை பலப்படுவதுதான் பாதி வைத்தியம். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள்கூட இதைச் செய்யலாம். ஒரு குறை உண்டு: பளு ஏற்ற வழியில்லை. ஏசி ஜிம்மில் தட்டு மாற்றலாம், இங்கே நம் எடைதான் எப்போதும் பளு. சில வாரத்தில் உடம்பு பழகிவிடும், அதற்குப்பின் இருநூறு முறை உந்தினாலும் பெரிய பலன் இல்லை. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. இருக்கையை மேலே தூக்கியதும் ‘டப்’பென்று விடாமல், மனதுக்குள் நாலு எண்ணி மெதுவாக இறக்குங்கள், இறக்கும்போதுதான் தொடை எரியும். அதுவும் சுலபமாகிவிட்டதா, ஒற்றைக் காலால் உந்துங்கள், பளு இரு மடங்கு. முழங்கால் அதிகம் வலிப்பவர்கள் மட்டும் இரண்டாவதற்கு அவசரப்பட வேண்டாம்.

கையால் முன்னே தள்ளும் கருவியும் மேலிருந்து இழுக்கும் கருவியும் இதே தத்துவம்தான். எடை கூடுதலாக இருப்பவருக்குப் பளுவும் கூடுதல் என்பதால், புதிதாக வரும் குண்டான ஆள் மூன்றாவது முறையிலேயே திணறுவார். ஒல்லியானவர் அலட்சியமாகத் தள்ளுவார். அதைப் பார்த்து மனம் விட்டுவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கையால் சுற்றும் பெரிய சக்கரத்தையும் சொல்ல வேண்டும். தசைக்கு அதனால் பிரயோசனம் குறைவு. ஆனால் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும், தோள் இறுகி ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூடக் கை பின்னால் போகாத நிலை வரும். வலிக்காத அளவுக்குள் மெதுவாகச் சுற்றிவர இந்தச் சக்கரம் தோதானது. எங்களோடு வரும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததை இதில்தான் செய்கிறார். “அக்கா, இன்னும் கொஞ்சம் மேலே” என்று நாங்கள் உசுப்பினால் முறைப்பார். அவர் முறைப்பதுதான் சரி. வலியை மீறித் தூக்கக் கூடாது.

கருவிகள் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பூங்காவின் சிமெண்ட் பெஞ்சு. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 60 முதல் 64 வயதில் பெண்கள் 12க்கும் ஆண்கள் 14க்கும் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கு வைத்திருக்கிறது. ஐம்பதில் நாம் அதைத் தாராளமாகத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் எதில் ஏற வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பராமரிப்பு மட்டம். ஒரு கருவியின் தாங்கி (பேரிங்) தேய்ந்து கிறீச்சென்று அலறுகிறது, இன்னொன்றில் கைப்பிடி ரப்பர் கழன்று துருப்பிடித்த குழாய் தெரிகிறது. எப்படிச் செய்வது என்று காட்டும் பலகைகள் வெயிலில் வெளுத்துப் படமே தெரியவில்லை. மாலையில் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். ஆடும் பலகை ஒரு பையனின் கணுக்காலில் இடித்ததை நானே பார்த்தேன். சுற்றிலும் இடம் விட்டு நட்டிருக்கலாம்.

கூழாங்கல் பதித்த நடைபாதை பற்றி ஒரு வார்த்தை. வெறுங்காலோடு நடந்தால் எல்லா நோயும் ஓடும் என்று பூங்காவுக்குப் பூங்கா ஒரு வைத்தியர் இருப்பார். சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். கல் கிழித்தது தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். எட்டு வடிவப் பாதையில் ஷூ போட்டுக்கொண்டு தாராளமாக நடக்கலாம். எட்டில் தனி மகிமை இருக்கிறதோ இல்லையோ, நடை நடைதான்.

வாசலில் அருகம்புல் ஜூஸ் வண்டியும் முளைகட்டிய பயறு விற்கும் அம்மாவும் இருக்கிறார்கள். என் ஓட்டு பயறுக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். நாலு இட்லி சட்னியில் அது வராது. தசைக்கு வேலை கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்காமல் விட்டால் என்ன லாபம்? எதிர்க்கடை போண்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் போங்கள். கோடையில் எட்டரைக்கு மேல் இரும்பில் கை வைக்க முடியாது. மழை பெய்த மறுநாள் கால்பலகை வழுக்கும். ஹவாய் செருப்போடு ஏறாதீர்கள். நெஞ்சு அடைப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. திருகும் தட்டைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் காலால் உந்தும் கருவி இன்னொன்று வைத்தால் நாலு தருவேன். இப்போது இருக்கும் ஒன்றுக்குக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.