கரண்டும் வேண்டாம், காவலும் வேண்டாம்: தெர்மல் ரைஸ் குக்கர் வாங்கி ஏழு மாதம்

வேலூரில் வீடு இருந்தால் சனி, ஞாயிறில் ஆள் வராமல் இருக்காது. சி.எம்.சி.யில் உடம்பைக் காட்ட வருகிறவர்கள், வி.ஐ.டி.யில் படிக்கிற பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள், ஸ்ரீபுரம் போகிறவர்கள் எல்லாரும் காட்பாடியில் இறங்கி நேராக சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போன தீபாவளிக்கு இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது அண்ணி, "உன்கூட உட்கார்ந்து பேசவே முடியலையே" என்று சொன்னது மனதில் தைத்துவிட்டது. இரண்டு நாளும் நான் அடுப்படியில்தான் நின்றிருந்தேன். எட்டுப் பேருக்குச் சோறு, முதல் பந்தி எழுந்திருப்பதற்குள் ஆறிப்போகும், மறுபடி ஒரு குக்கர் வைக்க எழுந்து போக வேண்டும்.

அதற்கு அப்புறம் வாங்கியதுதான் இது. ஒரு கிலோ அளவு, 1,450 ரூபாய். வெளியே பிளாஸ்டிக் உடம்பு, அதன் சுவருக்குள் சூடு தாங்க ஃபோம் அடைத்திருக்கிறது, உள்ளே எவர்சில்வர் பானை. கரண்ட் கிடையாது. ஊறிய அரிசியை நிறையத் தண்ணீரோடு பானையில் போட்டு அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதி வந்த பிறகு பத்து நிமிஷம் விட்டு, பானையை அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் இறக்கி மூட வேண்டியதுதான். மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடந்துவிடும். எங்கள் வீட்டுப் புழுங்கல் அரிசிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. எடுத்துக் கஞ்சியை வடித்து, பானையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த மூன்று மணி நேரத்துக்குச் சோறு சூடாகவே இருக்கிறது.

முதல் தடவை ஏமாந்தேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி போட்டேன், நடுவில் அரிசி அரிசியாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. வேகவைப்பது அந்தக் கொதிதண்ணீரில் இருக்கிற சூடு, தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் சூடும் கொஞ்சம், சீக்கிரம் இறங்கிவிடும். பானை முக்கால்வாசியாவது நிறைய வேண்டும். அதனால் இது தினப்படிச் சமையலுக்கு இல்லை, ஆள் வருகிற நாளுக்கான சாமான். சீரகச் சம்பாவையும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், குழைந்து களியாகிவிட்டது.

மே மாத லீவுக்கு அண்ணன் குடும்பம் மறுபடி வந்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. இந்தத் தடவை வெள்ளிக்கிழமையே பாதி வேலையை முடித்துவிட்டேன். வத்தக்குழம்பு ராத்திரியே வைத்தாயிற்று, அது மறுநாள்தான் ருசியே. முள்ளுக் கத்தரிக்காயில் எண்ணெய்க் கத்தரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, நம்ம இலவம்பாடிக் காய், அதுதான். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு இதைப் போடாமல் அனுப்ப எனக்கு மனசு வராது. ரசத்துக்குப் பொடியும் புளிக்கரைசலும் தயார். இட்லி மாவை மத்தியானமே அரைத்து வைத்தேன், அக்னி நட்சத்திர வெயிலில் ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிட்டது, படுக்கப் போகும் முன் ஃபிரிட்ஜில் ஏற்றாவிட்டால் காலையில் புளித்துப்போயிருக்கும்.

சனிக்கிழமை காலை கோட்டைக்குப் போனோம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பார்க்க, பல காலம் சுவாமி இல்லாமல் கிடந்த கோயிலில் 1981இல் மறுபடி லிங்கம் வைத்த கதையை அண்ணன் சொல்ல, நான் தூணோரம் உட்கார்ந்து அண்ணியோடு பேசிக்கொண்டே இருந்தேன், மணி பார்க்கவே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ரசத்தைத் தாளித்து, அப்பளம் பொரித்ததோடு சரி.

ஞாயிறு ஸ்ரீபுரம். போனவர்களுக்குத் தெரியும், நட்சத்திர வடிவ நடைபாதையே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், லீவு நாள் கூட்டத்தில் எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே போகிற நாளில் கொதியை ஏழு நிமிஷமாகக் குறைத்துவிட்டு வடிக்காமலே மூடிவிட்டுப் போவேன், நேரம் கூடினாலும் சோறு குழைவதில்லை. அன்றைக்கு வந்து மூடியைத் திறக்கும்போது மணி இரண்டரை. ஆவி பறந்தது. சின்னவன் செருப்பைக் கழற்றிய கையோடு தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

குறையும் உண்டு. வடிக்கும்போது பானை ரொம்பக் கனம், கைப்பிடியும் சின்னது, வயதானவர்கள் தனியாகத் தூக்க வேண்டாம். மூடியின் ரப்பரில் கஞ்சி வாடை தங்குகிறது, ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவி வெயிலில் வைக்க வேண்டும். நான் வாங்கியதில் உள்பானை அடியில் நசுங்கல் இருந்தது, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், கடையில் மாற்றித் தரவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பில்லையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை நடந்தும் பயனில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சாம்பார், தேங்காய் அரைத்த கூட்டு இதையெல்லாம் இதற்குள் வைக்காதீர்கள். நான் ஒரு தடவை நாலு மணி நேரம் வைத்துக் கெட்டுப்போய்க் கொட்டினேன். வெதுவெதுப்பான சூட்டில் பண்டம் சீக்கிரம் கெடும், சோற்றையும் ராத்திரி முழுக்க உள்ளே விடக் கூடாது. ஆனால் ஆம்பூரில் இருந்து வாங்கி வருகிற பிரியாணிக்கு நல்ல வசதி. முதலில் பானையில் கொதிதண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, பிரியாணியைச் சூடு குறையும் முன் மாற்றினால் இரண்டு மணி நேரம் தாராளமாகத் தாங்கும்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே உள்பானையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று நாலு தடவை போட்டுப் பாருங்கள். ஆறு முதல் எட்டுப் பேர் வருகிற வீட்டுக்கு ஒரு கிலோ போதும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று ஒன்றரைக் கிலோ எடுத்துவிடாதீர்கள், அதை முக்கால்வாசி நிறைக்கப் பத்துப் பேராவது பந்தியில் உட்கார வேண்டும்.