ஓடும்போது மட்டும் சூடாகும் எம்ஜிபி: நீண்ட நாள் அனுபவம்

வண்டி சூடாகிறது என்று யாரிடமாவது சொன்னால் ரேடியேட்டரை மாற்று, மின்விசிறி பொருத்து என்று யோசனைகள் உடனே வந்து விழும். எப்போது சூடாகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பல ஆண்டுகளாக ஒரு 1967 மாடல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுகிறவன் என்ற முறையில், முதல் கேள்வி அதுதான் என்பேன்.

என் வண்டி நெரிசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் வெப்ப மீட்டரின் முள் அசையாது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் போனதும் ஏறத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால் இறங்கும். நிற்கும்போது மட்டும் சூடானால் காற்று போதவில்லை என்று பொருள்: விசிறி, பெல்ட், ரேடியேட்டரின் ஓரங்களில் உள்ள இடைவெளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது காற்று தானாகவே வந்து மோதுகிறது. அங்கே விசிறிக்குச் செலவழிப்பது வீண். தண்ணீர் சரியாகச் சுற்றுகிறதா, எஞ்சின் தேவைக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறதா என்ற இரண்டில்தான் விடை இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் மீட்டரைச் சோதித்தேன். உணர் குமிழைக் கழற்றிக் கொதிநீரில் அமிழ்த்தி, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டேன். குமிழோடு வரும் மெல்லிய குழாயை முறுக்கிவிடக் கூடாது; உடைந்தால் மீட்டரே போய்விடும்.

அடுத்து இக்னிஷன். பொறியை உரிய நேரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயை உறிஞ்சி நாக்கால் அடைத்தால் இழுவை அப்படியே நிற்க வேண்டும். எனக்குக் காற்று தாராளமாக வந்தது. எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்பப் பொறியை முன்னுக்குத் தள்ளும் உள்ளே உள்ள சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருந்தது. சீரான வேகத்தில் போகும்போது பெட்ரோல்-காற்றுக் கலவை மெதுவாக எரியும் என்பதால் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அது தாமதித்தால் வேலைக்குப் பயன்பட வேண்டிய வெப்பம் சிலிண்டர் ஹெட் வழியாகத் தண்ணீரில் இறங்குகிறது. புது டயாஃப்ரம் போட்டு அதே சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முள் முன்பைவிடத் தாமதமாக ஏறியது, ஆனாலும் ஏறியது.

மிச்சக் காரணம் சிலிண்டர்கள் அமைந்த பெரிய வார்ப்பான பிளாக்கினுள் இருந்தது. இந்த 1798 சிசி எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. பல பத்தாண்டுத் துருவும் வண்டலும் பின்கோடியில், நான்காவது சிலிண்டரைச் சுற்றித்தான் படிகின்றன. மீட்டரின் குமிழோ ஹெட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. பின்னால் நடப்பது அதற்கு உடனே தெரியாது. பிளாக்கின் பின்புறத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. குழாயையே கழற்றிவிட்டுக் கம்பியால் குத்தினேன். முதலில் காப்பிப்பொடி நிறத்தில் சேறு, பிறகு துருச்செதில்கள், அதற்குப் பிறகுதான் தண்ணீர் பீறிட்டது. தெளிந்த நீர் வரும்வரை மேலிருந்தும் கீழிருந்தும் மாற்றி மாற்றி அலசினேன். ரேடியேட்டரிலும் அதே வண்டல். வெப்பமானியை ரேடியேட்டரின் முகத்தில் நகர்த்திப் பார்த்தபோது நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தது. மேல்தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ததில் அது தீர்ந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் கசிந்து எரிவாயு தண்ணீரில் கலந்தால் சோதனைத் திரவம் நிறம் மாறும்; நீலத் திரவம் நீலமாகவே இருந்ததால் அந்தக் கவலை இல்லை.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அது நோயைக் குணப்படுத்தாது, மறைக்கும். எஞ்சினும் உரிய சூட்டுக்கு வராமல் தேயும். என் வண்டியில் 82 டிகிரி தெர்மோஸ்டாட்தான் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தத்தையும் சோதியுங்கள். 10 பிஎஸ்ஐ தாங்கும் மூடி நீரின் கொதிநிலையைச் சுமார் 115 டிகிரிக்கு உயர்த்துகிறது.

அதன் பிறகு கடுங்கோடையிலும் நெடுஞ்சாலையில் முள் நடுவிலேயே நிற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலன்ட்டை மாற்றுகிறேன். அப்போதெல்லாம் ரேடியேட்டரோடு நிறுத்தாமல் பிளாக்கையும் வடிக்கிறேன். வேகமாக ஓட்டி வந்து அணைத்த சில நிமிடங்களில் மறுபடி கிளப்பினால் முள் கொஞ்சம் உயர்ந்து காட்டும். ஓட்டம் நின்ற நீரில் இரும்பின் சூடு இறங்குவதால் வருவது அது. கிளப்பிய சற்று நேரத்தில் இறங்கிவிட்டால் கழற்றிப் பார்க்க ஒன்றுமில்லை.