கப்ளான்-மேயரா, வாழ்நாள் அட்டவணையா?

நோயாளிகளில் எத்தனை பேர் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று கணக்கிடும்போது தலைவலி தருபவர்கள், பாதியில் தொடர்பு விட்டுப்போனவர்கள்தான். அவர்களை நடத்தும் விதத்தில்தான் இந்தக் கணக்குக்கான கப்ளான்-மேயர், வாழ்நாள் அட்டவணை என்ற இரண்டு முறைகளும் பிரிகின்றன.

1963இல் வெளியான ரத்தப் புற்றுநோய் ஆய்வைப் பாருங்கள். 6-எம்பி (6-மெர்காப்டோப்யூரின்) மருந்து பெற்ற 21 பேரில் 6ஆம் வாரம் மூவருக்கு நோய் திரும்பியது. ஒருவரின் கண்காணிப்பு அத்தோடு முடிந்தது. 7ஆம் வாரம் இன்னொருவருக்குத் திரும்பியது. 9ஆம் வாரத்தோடு மற்றொருவரின் கண்காணிப்பும் முடிந்தது.

வாழ்நாள் அட்டவணை காலத்தைத் துண்டு போடும். முதல் பத்து வாரத்தை ஒரே துண்டாக எடுத்தால், விலகிய இருவரும் ஆளுக்கு அரை ஆள்! சராசரியாகப் பாதிக் காலம்தான் கண்காணிப்பில் இருந்திருப்பார்கள் என்ற ஊகம்தான் காரணம். ஆக 20 பேரில் 4 பேருக்குத் திரும்பியது. நோய் திரும்பாதோர் 80%.

1958இல் வந்த கப்ளான்-மேயர் முறையில் துண்டே கிடையாது. நோய் திரும்பும் ஒவ்வொரு தருணத்திலும் அப்போது கண்காணிப்பில் இருப்பவர்களை மட்டும் எண்ணி, அவர்களில் நோய் திரும்பாதோரின் பங்கைப் பார்க்கும்: 6ஆம் வாரம் 18/21, அப்புறம் 7ஆம் வாரம், நோய் திரும்பிய மூவரும் விலகிய ஒருவரும் போக மிஞ்சிய 17 பேரில், 16/17. பெருக்கினால் 80.7%.

வித்தியாசம் இவ்வளவுதானா என்றால், இங்கே இவ்வளவுதான். துண்டு பெரிதாகி, விலகுவோரும் கூடினால் அரை ஆள் கணக்கு ஆட்டம் காணும். சிறிய மருத்துவ ஆய்வுக்கு நான் யோசிக்காமல் கப்ளான்-மேயரையே எடுப்பேன். ஆண்டுவாரியாகத் தொகுத்த எண்ணிக்கை மட்டுமே கையில் இருந்தால், சரி, அட்டவணைதான் வழி.